பேப்பர் போடும் முன்பும் போட்ட பின்பும்

கேள்வி இது. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனம், வாரம் ஐந்து நாள் வேலை. கேட்டவர் 2021 நவம்பர் நடுவில் சேர்ந்தவர். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40,000 ரூபாய், நோட்டீஸ் 90 நாள். இந்த வேலை வேண்டாம் என்று பங்குனியிலேயே முடிவெடுத்துவிட்டார். 2026 சித்திரை பிறந்துவிட்டது, இன்னும் பேப்பர் போடவில்லை, அதாவது ராஜினாமா கடிதம் கொடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் இன்டர்வியூ எல்லாம் முடிந்து ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்கிறார். “காலையில் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போகக் கால் வரவில்லை. மிச்ச நாட்களை எப்படித் தள்ளுவது?” என்கிறார்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். முதலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாக ஃபேக்டரியின் டைம் ஆபீஸ், பிறகு ஓ.எம்.ஆர். பக்கம். கிளம்புகிறவர்களோடு கடைசியாக உட்கார்ந்து பேசும் நாற்காலி என்னுடையது. நானும் மூன்று முறை கிளம்பியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

உங்களை அழுத்துவது வேலை மட்டும் இல்லை, ரகசியமும்தான். போன மாதம்வரை அதே வேலையை அலுப்போடாவது செய்துகொண்டிருந்தீர்கள். இப்போது அதோடு நாள் முழுக்க நடிப்பும் சேர்ந்துவிட்டது. “அடுத்த வருஷம் இந்த கிளையன்ட்டை நீங்கதான் பாக்கணும்” என்று மேனேஜர் சொல்கிறார், நீங்கள் தலையாட்டுகிறீர்கள். தீபாவளி லீவுக்கு யார் யார் என்று பட்டியல் போடுகிறார்கள், அதற்கும் பெயர் கொடுக்கிறீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிற களைப்பில் பாதி இந்தத் தலையாட்டலால் வருவது. இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. பேச்சைக் கைக்கெட்டும் தூரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷத்தைப் பற்றி யாராவது பேசினால், “ஜூனுக்குள்ள இதை முடிச்சிடலாம் சார், முதல்ல அதைப் பாப்போம்” என்று இந்தக் காலாண்டுக்குத் திருப்பிவிடுங்கள். பொய்யும் இல்லை, போட்டு உடைத்ததாகவும் இல்லை.

வீட்டில் ஒருவருக்கு, ஆபீஸுக்கு வெளியே இருக்கும் நண்பர் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஆபீஸுக்குள் யாருக்கும் வேண்டாம், எவ்வளவு நெருக்கமானவரானாலும் சரி. டீக்கடையில் சொன்னது லிஃப்ட் ஏறி மூன்றாவது மாடிக்குப் போக அரை மணி நேரம் போதும். சொன்னவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. “பாவம், அவன் போறானாமே” என்று வருத்தப்பட்டுச் சொன்னாலும் செய்தி செய்திதான். ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை பேப்பர் போடவும் வேண்டாம். எச்.ஆர். போனில் “கன்ஃபர்ம் சார்” என்று சொன்னது லெட்டர் ஆகாது. இதைச் சொல்வது ஒரு எச்.ஆர்.

அடுத்தது தேதி. நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய பணம் இதில்தான் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு, அதாவது கிளம்பும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடைக்கு, ஐந்து வருஷத் தொடர் சேவை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள் வேலை பார்த்திருந்தால் அதையும் ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் 240 நாள், அதற்குக் குறைவு என்றால் 190 நாள். சம்பளத்தோடு எடுத்த லீவு கணக்கில் சேரும்.

இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். இன்றைக்கே பேப்பர் போட்டால் ஜூலை நடுவில் ரிலீவ் ஆவீர்கள். ஐந்தாவது வருஷத்தில் எட்டு மாதம், வார நாட்களாக எண்ணினால் சுமார் 173. நூற்றுத்தொண்ணூறுக்கு 17 குறைகிறது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம்வரை இருந்தால் கிட்டத்தட்ட 200 வந்துவிடும். பேசிக் 40,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் 1,15,385 ரூபாய். ஐந்து வாரப் பொறுமைக்கு இந்தத் தொகை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, கணக்கில் எடுக்கும் ஊதியம் மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்பதால் தொகை இன்னும் கூடவும் வாய்ப்பு உண்டு. ஒரு எச்சரிக்கை: சில கம்பெனிகள் ஐந்து முழு வருஷம் என்றே அடம்பிடிக்கும். உங்கள் கம்பெனியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமில்லாமல் படித்துப் பார்த்துவிடுங்கள். கடந்த இரண்டு வருஷத்தில் கிளம்பிய சீனியர் யாராவது இருந்தால் அவருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. உங்கள் வீட்டிலும் “ஆடியில புது வேலையில சேராதே” என்று சொல்ல ஒரு அம்மாவோ மாமியாரோ இருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த ஒரு முறை அவர்கள் பேச்சைக் கேட்டு ஆவணியில் சேருங்கள், கணக்கு சரியாக உட்காருகிறது. புதுக் கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்னையில் ஆடி என்று சொன்னால் எந்த எச்.ஆரும் காரணம் கேட்பதில்லை.

இனி, மிச்சமிருக்கிற நான்கு மாதம் வேலையை எப்படிச் செய்வது. இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2013-இல் அம்பத்தூரிலிருந்து கிளம்புவதென்று முடிவெடுத்தேன். காரணம் நியாயமானதுதான், அதை விடுங்கள். முடிவெடுத்த பிறகு ஐந்து மாதம் அங்கேயே இருந்தேன். அந்த ஐந்து மாதமும் என் கோபத்தை ஒரே வழியில் தீர்த்துக்கொண்டேன்: கேட்டதை மட்டும் செய்தேன், கேட்காததைச் செய்யவில்லை. மாதம் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப். ஃபைலை ஏற்ற வேண்டும். அதுவரை நான் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி உட்கார்ந்து, கான்ட்ராக்டர்கள் கொடுத்த பட்டியலை மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பேன். யாரும் அதைச் செய்யச் சொன்னதில்லை. அந்த மாதம் விட்டுவிட்டேன். எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்திருந்த பையன், திருவண்ணாமலைப் பக்கம், வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அவனே ஃபைலை ஏற்றினான். ஒரு கான்ட்ராக்டரின் 14 ஆட்கள் அதில் இல்லை. சம்பளத்தில் பிடித்திருக்கிறது, கணக்கில் ஏறவில்லை. ஆட்கள் கேட்டுக்கு வந்து நின்றார்கள். மெமோ பையனுக்குப் போனது. புரபேஷன் மூன்று மாதம் நீண்டது. நான் யார் மேல் கோபமாக இருந்தேனோ அவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் அந்த வாரம் வெளியூரில் இருந்தார். பையன் என்னிடம் வந்து, “அண்ணா, நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். கிளம்புவதென்று தீர்மானித்தால் என் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது தவறினால் அடி யாருக்கு விழும் என்று ஒரு பெயர் எழுதுவேன். பக்கத்து மேசைக்காரன், ஜூனியர், கேன்டீன் கான்ட்ராக்ட் ஆள், ஒரு வாடிக்கையாளர் என்று பெயர் வந்தால் அந்த வேலையைக் கடைசி நாள்வரை குறைவில்லாமல் செய்ய வேண்டும். என் பெயர் மட்டும் வந்தால், அதாவது அப்ரைசலில் நட்சத்திரம் வாங்க, அடுத்த வருஷப் பதவிக்குத் துண்டு போட என்று செய்துகொண்டிருந்தவை, அவற்றை அன்றைக்கே கீழே வைத்துவிடலாம். நீங்களும் எழுதிப் பாருங்கள். இரண்டாவது வகை எவ்வளவு நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இரவு ஒன்பது மணி மெயில்கள், உங்களுக்குச் சம்பந்தமில்லாத மீட்டிங்குகள், யார் யாருக்கு நெருக்கம் என்ற கணக்கு, எல்லாம் அதில்தான் இருக்கும். பார்க்கிங்கில் உட்காரும் அந்தப் பத்து நிமிஷம் குறைவதும் இங்கிருந்துதான் தொடங்கும் என்பது என் அனுபவம். உள்ளே போய்ச் செய்யப்போவது ஐந்தாறு காரியம் என்று தெரிந்தால் கால் தானாக நகரும்.

பேப்பர் போடும் முன்பே முடிக்க வேண்டியவை சில உண்டு. போட்ட பிறகு இதே காரியத்துக்கு ஒவ்வொருவர் பின்னாலும் அலைய வேண்டும். முதலில் பி.எஃப். நம் ஊர் இனிஷியலால் வரும் தலைவலி வடக்கே இருப்பவர்களுக்குப் புரியாது. பி.எஃப். கணக்கில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பணத்தை மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது. யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் 2017 அக்டோபருக்கு முன் வாங்கியது என்றால் திருத்தத்துக்குக் கம்பெனி ஒப்புதலும் தேவைப்படும். உள்ளே இருக்கும்போது அது எச்.ஆர். மேசைக்கு ஒரு நடை. வெளியே வந்த பிறகு எத்தனை மெயில் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த மெயில்களைப் பெற்றவன் நான். பணத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தால், வேண்டாம், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்த சேவை ஐந்து வருஷத்துக்குள் இருக்கும்போது 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுப்பார்கள். மாற்றினால் சேவைக் காலமும் தொடரும்.

அடுத்தது போன். ஆபீஸ் கொடுத்த சிம்மை ஆதாருக்கும் வங்கிக்கும் கொடுத்து வைத்திருப்பவர்கள் நீங்கள் நினைப்பதை விட அதிகம். கடைசி நாள் சாயங்காலம் சிம்மை வாங்கி டிராயரில் போடுவோம். மறுநாள் காலை ஓ.டி.பி. என் டிராயருக்குள் அடிக்கும். இப்போதே சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்கள் எல்லாம் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். கம்பெனி ஃபைல் எதையும் தொடாதீர்கள், ஒரு எக்செல் டெம்ப்ளேட்கூட வேண்டாம். கடைசி மாதத்தில் வெளியே போகும் மெயில்களைப் பார்ப்பதற்கென்றே ஐ.டி.யில் ஆள் உண்டு.

மெடிக்ளெய்மை மறக்காதீர்கள். கம்பெனி குரூப் பாலிசி உங்கள் கடைசி வேலை நாளோடு முடிகிறது. அம்மா அப்பாவும் அதில் இருந்தால், புதுக் கம்பெனி பாலிசி பெற்றோரைச் சேர்க்குமா என்று இப்போதே கேளுங்கள். சேர்க்காது என்றால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் குரூப் பாலிசியிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காமல் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பேப்பர் போட்ட அன்று மேனேஜரிடம் முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு மெயில். மெயில் மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: ராஜினாமா செய்கிறேன், நோட்டீஸ்படி கடைசி நாள் இது, பொறுப்புகளை ஒப்படைக்க ஒத்துழைக்கிறேன். காரணம், குறை, நன்றியுரை எதுவும் அதில் வேண்டாம். அந்த மெயில்தான் உங்கள் ஃபைலில் நிரந்தரமாக உட்காரப் போகிறது.

அதன் பிறகு நடப்பதற்குத்தான் யாரும் தயாராக இருப்பதில்லை. கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கோபம் இரண்டு நாள்தான். பிறகு வருவது அமைதி. மீட்டிங் அழைப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும். வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்ட கேள்விக்குப் பதில் வராது, புதிதாக இன்னொரு குரூப் தொடங்கியிருப்பார்கள். நான்கு வருஷம் சேர்ந்து சாப்பிட்ட மேசையில் நீங்கள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பேச்சு மாறும். போகத் துடித்தவருக்கே இது வலிக்கும். என்னிடம் வந்து அழுதவர்களில் பலர் வேலையை வெறுத்தவர்கள்தான். இதற்கு மருந்து எதுவும் எனக்குத் தெரியாது. அவர்களும் தங்களைத் தயார்படுத்திக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் உதவியது. மதியம் ஒரு நாள் ஜூனியர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்களுக்கு இன்னும் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கும்.

கவுன்ட்டர் ஆஃபர் வரலாம், அதாவது சம்பளம் கூட்டித் தருகிறோம், இருந்துவிடுங்கள் என்பார்கள். சம்பளம் ஒன்றுதான் கிளம்பக் காரணம் என்றால் யோசியுங்கள். வேறு காரணம் என்றால் தொகையைக்கூடக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் மனசு ஊசலாடும், வீட்டிலும் சொல்லிக் காட்டுவார்கள். தங்கியவர்களில் பலர் அடுத்த வருஷமே திரும்பவும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

நோட்டீஸ் காலத்தில் லீவு போடாதீர்கள், போட்ட நாட்களைச் சேர்த்துக் கடைசித் தேதியைத் தள்ளிவிடுவார்கள். நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒப்பந்தத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். கிராஜுவிட்டி கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தின் மேல் ஜி.எஸ்.டி. என்று 18 சதவீதம் சேர்த்துப் பிடித்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம், கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சுற்றறிக்கையே வந்துவிட்டது. இத்தனை காலத்துக்குள் கிளம்பினால் பணம் கட்டுவேன் என்று பாண்ட் ஏதும் கையெழுத்துப் போட்டிருந்தால், “அதெல்லாம் கோர்ட்ல நிக்காதுப்பா” என்று சொல்லும் நண்பரை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மையைச் சொல்லலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்: சொல்வது மேனேஜர் காதுக்குப் போகாது என்று நாங்கள் கொடுக்கும் வாக்குறுதியை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஒரு குறை சொல்லுங்கள், சரிசெய்யக் கூடியதாக, உதாரணத்தோடு. “சனிக்கிழமை போன் கால் வந்து வேலை பாத்தா அதுக்கு ஈடா காம்ப்-ஆஃப் லீவு கொடுக்கிறதில்ல, மார்ச்சில எனக்கு மூணு நாள் நிலுவை” என்று ஒருவர் சொன்னதை வைத்து ஒரு விதியையே மாற்ற முடிந்தது. “மேனேஜ்மென்ட் சரியில்ல” என்று நூறு பேர் சொன்னது ஃபைலில் தூங்குகிறது. தொல்லை, மிரட்டல், பாலியல் சீண்டல் போன்றவை வேறு. அவற்றை இந்த அறையில் சொல்லி முடித்துவிடாதீர்கள், உரிய கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கால் வராமல் பத்து நிமிஷம் உட்காருகிறவருக்கு. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், ஞாயிறு சாயங்காலமே நெஞ்சு படபடக்கிற நிலைக்கு வந்துவிட்டால் 90 நாளுக்கு எந்தப் புனிதமும் கிடையாது. டாக்டரிடம் போங்கள், மெடிக்கல் லீவு எடுங்கள், கிராஜுவிட்டி போனாலும் போகட்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பணம் எப்போது வரும்? புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளில் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள். சொல்வது சட்டம், ஓட்டுவது அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட். 45 நாள் பழக்கம் ஒரே நாளில் மாறாது, அதனால் ஒரு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்திருங்கள். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. பழைய சம்பளக் கணக்கிலிருந்து போகிறதென்றால் அதையும் மாற்றுங்கள், சம்பளம் நின்ற சில மாதத்தில் அது மினிமம் பேலன்ஸ் கேட்கக்கூடிய சாதாரணக் கணக்காகிவிடலாம். புதுக் கம்பெனியில் சேர்ந்ததும் ஏப்ரல் முதல் வாங்கிய சம்பள விவரத்தை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியே 75,000 ரூபாய் கழிவு கொடுத்துக் குறைவாக வரி பிடிக்கும், மிச்சத்தை அடுத்த ஜூலையில் நீங்கள் மொத்தமாகக் கட்டுவீர்கள்.

கடைசி நாள் ஒன்றும் பெரிதாக இருக்காது. கேக் வெட்டுவார்கள், சிலர் நிஜமாகவே கட்டிப்பிடிப்பார்கள், ஐடி கார்டின் மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கி நாங்கள் கவரில் போடுவோம். வண்டியை எடுக்கும் முன் பார்க்கிங் ஸ்டிக்கரைச் செக்யூரிட்டியிடம் ஒப்படைத்து, கிளியரன்ஸ் ஃபாரத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கையெழுத்து இல்லை என்று செட்டில்மென்ட் மூன்று வாரம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.